பலகைக்கு இந்தப் பக்கம்

பெட்டியில் இரண்டு எண்கள்.
சின்னது மூன்று புள்ளி ஆறு.
பெரியது ஐந்து, அதன் பின்னால்
பொடி எழுத்தில் ‘வரை’ என்று ஒரு சொல்.
அந்த ‘வரை’யை நான் படிக்கவில்லை.

ரோலாவில் பழைய சாமான் கடைக்காரர்
எழுநூறு சொல்லி ஐநூற்று எண்பதுக்கு இறங்கினார்.
கேரண்டி? என்றேன்.
கடை வாசல் வரை என்றார்.

அல் நஹ்தாவில், ஒரு ஹாலை நாலாக அறுத்த வீடு.
என் பங்கு பத்துக்கு ஏழு.
ஒட்டுப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா,
இரவெல்லாம் டயாலிசிஸ் வார்டில் நின்றுவிட்டுப்
பகலில் தூங்குகிறவள்.
ஏசி எல்லோருக்கும் ஒன்று.
ரிமோட் கனகசபை அண்ணனிடம்.

யாருடைய வில்லாவுக்கோ சோபா போடுகிறேன்,
சரவிளக்கு தொங்கவிடுகிறேன்,
மார்பிளில் அதன் நிழலை விழவைக்கிறேன்.
ஒரு ரெண்டர் வெந்து இறங்க நாற்பது நிமிடம்.

ஐந்து என்றது பொய்யில்லை.
ஒரே ஒரு கோர் மட்டும் உழைத்தால்,
உடம்பு குளிர்ந்திருந்தால்,
மின்சாரத்தில் மிச்சம் இருந்தால்,
கொஞ்ச நேரம் ஐந்து.
எட்டு கோரும் ஒன்றாகக் குனிந்தால்
நான்கு புள்ளி மூன்று, அப்புறம் நான்கு,
அப்புறம் அதற்கும் கீழே.
ஒப்பந்தத்தில் கையெழுத்தானது மூன்று புள்ளி ஆறுதான்.
மற்றதெல்லாம் ஓவர்டைம்.

எனக்கு அது பிடிக்கவில்லை.
பயாஸுக்குள் போய்ப் பெருக்கல் எண்ணை ஏற்றினேன்.
நாற்பத்து நான்கு. நின்றது.
நாற்பத்தாறு. நின்றது.
நாற்பத்தெட்டில் விண்டோஸ் பாதி வந்து திரும்பிப் போனது.
வோல்டேஜைக் கூட்டினேன்,
புள்ளிக்குப் பின் இரண்டாம் இடத்தை மட்டும் தொட்டு.
இன்னும் ஒரு தொடல்.
ஐம்பது.
எட்டு கோரிலும் ஐந்து!
பதினொரு நிமிடம்
ஷார்ஜாவிலேயே வேகமான பெண் நான்தான்.

ஆகஸ்ட். இரவு பத்துக்கு வெளியே முப்பத்தெட்டு.
கரண்ட் பில் ஞாபகம் வந்து அண்ணன்
ஏசியை இருபத்தாறில் வைத்த நேரம்.
எண்பத்தொன்று, எண்பத்தொன்பது, தொண்ணூற்றேழு.
விசிறி ஊளையிட்டது.
திரை நீலமாகி, ஒரு சோக முகம் காட்டி, செத்தது.
சோபா பாதி வேக்காட்டில் போனது.

பிறகு எந்தப் பொத்தானுக்கும் உயிரில்லை.
மதர்போர்டிலிருந்து காசளவு பேட்டரியைக்
கொண்டை ஊசியால் நெம்பி எடுத்து
உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்திருந்தேன்,
நான் செய்ததையெல்லாம் அது மறக்கட்டும் என்று.
மறந்தது. எழுந்தபோது தேதி
பல வருடம் பின்னால் இருந்தது,
விசா அடிக்காத, கடன் வாங்காத
ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி.
சரியான தேதியைப் போடக் கொஞ்சம் தயங்கினேன்.

மறுநாள் எதிர்க் கட்டடத்தில்
பன்னிரண்டரைக்கு வேலை நின்றது.
மூன்று மணி வரை வெயிலில் ஆளை நிறுத்தக்கூடாது, சட்டம்.
அட்டைகளை விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள்,
ஹெல்மெட்டை முகத்தில் கவிழ்த்து.
டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன்.

அன்றிரவு கூட்டவில்லை, குறைத்தேன்.
அதே வோல்டேஜை, அதே இரண்டாம் இடத்தில்.
குறைவாகத் தின்றது. குறைவாகக் கொதித்தது.
நான்கு புள்ளி ஆறு, எட்டு கோரும்.
பத்து நிமிடம். அரை மணி. ஃபஜ்ர் பாங்கு.
இறங்கவே இல்லை.
விசிறி சுற்றுகிறதா என்று
காகிதத் துண்டு பிடித்துப் பார்க்கவேண்டியிருந்தது.

ஒன்பதுக்கு ஜெசிந்தா வந்து கதவடைத்தாள்.
அடுத்த ரெண்டரை ஏற்றிவிட்டு
நாற்காலிகூட முனகாமல் உட்கார்ந்திருந்தேன்.
பத்தரைக்குப் பலகையில் மூன்று தட்டு.

“அக்கா, மெஷின் கெட்டுப்போச்சா?”

“சரிபண்ணிட்டேன். சத்தமே இல்ல பாரு.”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.
“அந்தச் சத்தத்துலதான் நான் தூங்குவேன்.
இப்ப கனகசபை அண்ணன்
ஊருக்குப் பேசுறது பூரா கேக்குது.”

அறுபத்தெட்டு டிகிரியில் எதற்கும் தேவையில்லை.
விசிறிக் கோட்டைத் திறந்து
மெல்ல மேலே இழுத்தேன்,
அவள் தட்டாத இடம் வரை.